கொய்யா இருக்கும்போது குப்பி எதற்கு?



சென்ற இதழ் உங்கள் கைக்கு வந்த பிறகு எழுதிய கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிடலாமா, எந்த வயதில் தொடங்கலாம், எது நல்லது? கேட்டவர்களில் கல்லூரி மாணவியும் உண்டு, ஓய்வு பெற்ற ஆசிரியரும் உண்டு. ஒரு கடிதத்துக்கு மட்டும் இந்தப் பக்கம் அச்சாகும்வரை காத்திருக்காமல் அன்றே தபாலில் பதில் போட்டோம். எழுதியவர் விருதுநகர் மாவட்டத்து வாசகி. அவருடைய அப்பா பல வருடங்களாகப் பீடி குடிப்பவர். எவ்வளவு சொல்லியும் விடவில்லை. நுரையீரலைப் பாதுகாக்கும் என்று சொல்லித் தெரிந்தவர் ஒருவர் ஒரு குப்பி மாத்திரை கொடுத்திருக்கிறார். பீடியை விடாவிட்டாலும் இதையாவது சாப்பிடட்டும் என்று நினைக்கிறேன், சரிதானே என்று கேட்டிருந்தார் மகள். லேபிளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். முதல் வரியிலேயே பீட்டா கரோட்டின்.

வேண்டாம், இன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள் என்று எழுதினோம். அப்படி அவசரப்பட்டதற்கான காரணம் எல்லா வீடுகளுக்கும் தெரிய வேண்டியது. அதனால் இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதும் இதற்கே.

கேரட்டுக்கு அந்த ஆரஞ்சு நிறத்தைத் தருவது பீட்டா கரோட்டின் என்ற ஆன்டி-ஆக்சிடன்ட். காய்கறியும் பழமும் தாராளமாகச் சாப்பிடுகிறவர்களுக்குப் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று பல நாட்டுக் கணக்குகள் காட்டியபோது, அதற்குக் காரணம் இந்தப் பொருளாக இருக்குமோ என்ற எண்ணம் ஆராய்ச்சியாளர்களுக்கு வந்தது. 1981ல் 'நேச்சர்' இதழில் ரிச்சர்ட் பீட்டோவும் ரிச்சர்ட் டாலும் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து இந்தக் கேள்வியை எழுப்பினார்கள். புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950ல் நிறுவியவர்களில் ஒருவர் டால். அவர்கள் எதையும் முடிவாகச் சொல்லவில்லை. முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். சோதித்தார்கள்.

பின்லாந்தில் 1985ல் தொடங்கிய ஆய்வில் 50 முதல் 69 வயது வரையுள்ள 29,133 ஆண்கள் சேர்ந்தார்கள். எல்லோரும் புகைபிடிப்பவர்கள். சிலருக்குத் தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், சிலருக்கு 50 மில்லிகிராம் வைட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. ஐந்து முதல் எட்டு வருடம் வரை கொடுத்துக் கவனித்தார்கள். 1994ல் முடிவு வெளியானது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது.

குறையும் என்று எதிர்பார்த்தது கூடியிருந்தது. தற்செயலாக இருக்கலாம் என்று நினைத்தவர்களும் அதிக நாள் அப்படி நினைக்க முடியவில்லை. அமெரிக்காவில் அதே சமயத்தில் இன்னொரு ஆய்வு நடந்துகொண்டிருந்தது. புகைபிடிப்பவர்கள், முன்பு புகைத்தவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை பார்த்தவர்கள் என்று 18,314 பேர். பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏவும் சேர்த்துக் கொடுத்தார்கள். 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்பே, நிறுத்த வேண்டியதாயிற்று. மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும், மரணம் 17 சதவீதமும் கூடியிருந்தன.

பின்லாந்து ஆய்வில் இன்னொரு தகவல் இருக்கிறது. இதை எத்தனை முறை படித்தாலும் நான் அங்கேயே நின்றுவிடுகிறேன். மாத்திரை தொடங்குவதற்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் பீட்டா கரோட்டின் இயல்பாகவே அதிகமாக இருந்தவர்களுக்கு, அதாவது சாப்பாட்டிலிருந்து அதைப் பெற்றவர்களுக்கு, புற்றுநோய் குறைவாகத்தான் வந்தது. அதே மனிதர்கள், அதே பொருள். தட்டு வழியாக வந்தபோது ஒரு விளைவு, மாத்திரை வழியாக வந்தபோது வேறு விளைவு.

இது ஏன் என்று புரிய, இந்த ஆன்டி-ஆக்சிடன்ட் என்ன செய்கிறது என்பதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அதற்கு நம் சமையலறையே போதும். வாழைப்பூவைப் பிரித்துக் கள்ளனை எடுத்துப் போட்டுவிட்டு நறுக்கியதும் என்ன செய்கிறோம்? நேராக மோரில் போடுகிறோம். போடாமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் கறுத்துப்போகும், கையிலும் கறை ஏறும். கத்தி பட்டதும் பூவின் செல்கள் உடைகின்றன. உள்ளே தனித்தனியாக இருந்த ஃபீனால் என்ற பொருட்களும் ஒரு நொதியும் சந்திக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்ந்ததும் கறுப்பு நிறம் பிறக்கிறது. மோரின் புளிப்பு அந்த நொதியை அடக்கிவைக்கிறது. ஆக்சிஜன் ஒரு பொருளை மாற்றிவிடும் வேலையைத்தான் ஆக்சிஜனேற்றம் என்கிறோம். அதைத் தடுப்பதோ தாமதப்படுத்துவதோ ஆன்டி-ஆக்சிடன்ட். கையில் கறை ஏற்றும் அந்த ஃபீனால் பொருட்களும், துவர்ப்பாக நாக்கில் படுவதும்கூட இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

உடம்புக்குள்ளும் இந்த வேலை ஒவ்வொரு மூச்சிலும் நடக்கிறது. சாப்பாட்டைச் சக்தியாக மாற்றும்போது, ஒரு எலக்ட்ரான் குறைந்து தவிக்கும் மூலக்கூறுகள் உண்டாகின்றன. ஃப்ரீ ராடிக்கல் என்று விளம்பரங்களில் வருவது இவைதான். பக்கத்தில் எது கிடைத்தாலும் எலக்ட்ரானைப் பிடுங்குவதால் செல்லின் சவ்வையும் மரபணுவையும் பழுதாக்கும். மனிதன் மூப்படைவதற்கே இவைதான் காரணம் என்று 1956ல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி எழுதினார். எதிரி ஃப்ரீ ராடிக்கல், அதை அழிப்பது ஆன்டி-ஆக்சிடன்ட், ஆகவே நிறைய விழுங்கினால் நிறைய நன்மை என்ற கணக்கு அங்கிருந்துதான் வளர்ந்தது.

அந்தக் கணக்கில் உடம்பையே விட்டுவிட்டார்கள். நம் செல்கள் இவற்றைச் சமாளிக்கத் தாங்களே நொதிகளைத் தயாரிக்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்றை 1969ல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டுபிடித்தார்கள். அதைவிட முக்கியம், உடம்புக்கு ஃப்ரீ ராடிக்கல் தேவையும்கூட. கிருமி நுழைந்தால் வெள்ளணுக்கள் அதை விழுங்கி, இந்த மூலக்கூறுகளை அதன்மேல் பாய்ச்சித்தான் கொல்கின்றன. அந்தத் திறன் இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் சாதாரணக் கிருமிகளாலேயே மீண்டும் மீண்டும் கடுமையாக நோய்வாய்ப்படுகிறார்கள். உடற்பயிற்சியின்போது தசையில் உண்டாகும் ஃப்ரீ ராடிக்கல்கள், 'இன்னும் பலம் பெறு' என்று செல்லுக்குச் சேதி சொல்கின்றன. 2009ல் ஜெர்மனியில் இளைஞர்களை வைத்து நடந்த ஒரு சிறிய ஆய்வில், தினம் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 யூனிட் வைட்டமின் ஈயும் விழுங்கிக்கொண்டு பயிற்சி செய்தவர்களுக்கு, இன்சுலின் நன்றாக வேலை செய்யும் பலன் கிடைக்காமல் போயிற்று. மாத்திரை இல்லாமல் பயிற்சி செய்தவர்களுக்குக் கிடைத்தது.

மாத்திரை என்பது ஒரே பொருள், ஒரேயடியாக, பெரிய அளவில். ஒரு முருங்கைக் கீரைத் துவட்டலில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் சி, ஈ, ஃபோலேட், நார்ச்சத்து, பலவகை ஃபீனால்கள் எல்லாம் சிறிய அளவில், ஒன்றுக்கொன்று துணையாக வருகின்றன. இப்போது பல ஆராய்ச்சியாளர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள்: காய்கறியில் உள்ள பல பொருட்கள் தாங்களே போய் ஃப்ரீ ராடிக்கலைப் பிடிப்பதைவிட, நம் உடம்பின் சொந்தப் பாதுகாப்பு நொதிகளை உசுப்பிவிடுகின்றன. எனக்கு இந்த விளக்கம் மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

எந்தச் சத்து மாத்திரையும் வேண்டாம் என்று இதைப் படித்துவிட்டு முடிவு செய்துவிடாதீர்கள். குழந்தைகளுக்கு ஒன்பதாவது மாதத்திலிருந்து அரசு கொடுக்கும் வைட்டமின் ஏ சொட்டு மருந்து, கண்பார்வையைக் காப்பாற்றும் மருந்து. அதைத் தவறவிடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கான இரும்புச் சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளும் அப்படியே. முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி தேய்வதால் பார்வை மங்குகிறவர்களில் சிலருக்குக் கண் மருத்துவர்கள் ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரைகளை எழுதித் தருகிறார்கள். அதற்கு நல்ல ஆய்வு ஆதாரம் உண்டு. அந்த மாத்திரையிலும் பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு, கீரையில் உள்ள லூட்டினையும் மக்காச்சோளத்தில் உள்ள ஸியாக்சாந்தினையும் சேர்க்கலாம் என்று 2013ல் ஓர் ஆய்வு காட்டியது. புகைபிடித்தவர்களுக்கும் அது பாதுகாப்பானது. புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள் மட்டும், தயவுசெய்து, எந்த ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரையையும் சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடாதீர்கள். கதிர்வீச்சும் சில மருந்துகளும் புற்றுநோய்ச் செல்லை ஃப்ரீ ராடிக்கல் மூலமாகவே அழிக்கின்றன. பார்க்க வருகிறவர்கள் அன்போடு வாங்கித் தரும் டப்பா அந்த வேலைக்கு இடைஞ்சலாகிவிடக் கூடும்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்க்க 35,000க்கும் அதிகமான ஆண்களுக்கு வைட்டமின் ஈயும் செலினியமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2011ல் வந்த முடிவின்படி, வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களுக்கு அந்தப் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது.

இனி, சந்தைக்குப் போவோம். அங்கேதான் நல்ல சேதி இருக்கிறது.

இந்திய உணவுகளில் என்னென்ன சத்து இருக்கிறது என்று முதல் பெரிய அட்டவணை தயாரானது நம் குன்னூரில் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1918ல் ராபர்ட் மெக்காரிசன் அங்கே ஒரு சிறிய ஆய்வுக் கூடமாகத் தொடங்கியதுதான் பின்னாளில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்து, 1958ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. அவருக்குப் பின் வந்த அய்க்ராய்ட் 1937ல் வெளியிட்ட அட்டவணையின் வழிவந்த புத்தகங்களைத்தான் இன்றும் நம் ஊட்டச்சத்து நிபுணர்கள் புரட்டுகிறார்கள். அந்தப் பக்கங்களில் நம் ஊர்ப் பொருட்கள் எவ்வளவு கம்பீரமாக நிற்கின்றன! 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி. ஆரஞ்சில் சுமார் 50தான். பெருநெல்லி கொய்யாவையும் தாண்டும். பீட்டா கரோட்டினில் முருங்கைக் கீரை கேரட்டை முந்துகிறது. கண்ணாடிப் பெட்டியில் விமானத்தில் வந்து இறங்கும் புளூபெர்ரியை வாங்க முடியவில்லையே என்று எழுதியிருந்த தாய்மார்களுக்குச் சொல்கிறேன்: பள்ளி வாசலில் மிளகாய்ப்பொடி தூவி விற்கிறாரே அந்தக் கொய்யாவை வாங்கி, நன்றாகக் கழுவிக் கொடுங்கள். நாவற்பழக் காலம் வந்தால், நாக்கெல்லாம் ஊதாவாகும்வரை பிள்ளைகள் சாப்பிடட்டும். புளூபெர்ரிக்கும் நாவலுக்கும் நிறம் தருவது ஒரே வகைப் பொருள், ஆந்தோசயனின். செட்டிநாட்டுக் கவுனி அரிசியிலும் அதுதான். கவுனியை ஊறவைத்தால் தண்ணீர் திராட்சை ரசம் போல ஆகிறது அல்லவா? முதலில் கழுவிவிட்டு ஊறவையுங்கள்; ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவிடுங்கள்.

'இதில் ஆன்டி-ஆக்சிடன்ட் இத்தனை புள்ளி' என்று அட்டையில் போட்டு விற்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். சோதனைக் குழாயில் அளந்த அந்த மாதிரி எண்களைப் பட்டியலிட்டு வைத்திருந்த அமெரிக்க வேளாண்மைத் துறை, 2012ல் அந்தப் பட்டியலை நீக்கிவிட்டது. குழாயில் நடப்பது உடம்பில் நடப்பதைச் சொல்லாது, கம்பெனிகள் அதைத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

சமைக்கும் விதத்தில் கொஞ்சம் கவனம் போதும். கீரையை ஆய்ந்து, கழுவி, அதன் பிறகு நறுக்குங்கள். நறுக்கிவிட்டுக் கழுவினால் வைட்டமின் சி தண்ணீரோடு போய்விடும். வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டாமல் கூட்டிலோ ரசத்திலோ சேர்த்துவிடலாம். பீட்டா கரோட்டின் கொழுப்பில்தான் கரையும். எண்ணெய் விட்டுத் தாளிக்காத கீரையிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வது குறைவு. தக்காளியின் சிவப்பான லைக்கோப்பீனும் பச்சையாகச் சாப்பிடும்போதைவிட, எண்ணெயில் வதங்கித் தொக்காகும்போது நன்றாக உடம்பில் சேர்கிறது. வைட்டமின் சிக்கு நேர்மாறு, அதற்குச் சூடு ஆகாது. ஆகவே ஒரு பழம் பச்சையாக, ஒரு கீரை சமைத்து என்று இரண்டும் இருப்பது நல்லது.

நல்லெண்ணெய் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஊறுகாய்க்கு ஏன் நல்லெண்ணெய்? மற்ற பல எண்ணெய்களைப் போல அது சீக்கிரம் சிக்குவாடை அடிப்பதில்லை. எள்ளில் செசமின், செசமோலின் என்ற பொருட்கள் இருக்கின்றன. செசமோலின் உடைந்து உண்டாகும் செசமால் எண்ணெய் கெடுவதைத் தடுக்கிறது. வடை சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது இதற்கு எதிரான காரியம். ஒவ்வொரு முறையும் ஆக்சிஜனேறிய பொருட்கள் கூடிக்கொண்டே போகும். கெட்டுப்போன இந்தப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. வீட்டில் அளக்கக் கருவி இல்லை. நிறம் கறுத்து, நுரைத்து, புகை சீக்கிரம் வந்தால் கொட்டிவிடுங்கள்.

மஞ்சளோடு மிளகைச் சேர்த்த பாட்டிமார்களின் கைப்பக்குவத்தை 1998ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வு ஒன்று தொட்டது. மஞ்சளின் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் ஏறக்குறைய ஒன்றுமே சேரவில்லை. மிளகின் பைபரினைச் சிறிதளவு சேர்த்ததும் 20 மடங்கு சேர்ந்தது. படித்துவிட்டு மஞ்சள் மாத்திரை வாங்க ஓட வேண்டாம். குர்குமினை அதிக அளவில் பைபரினோடு அடைத்து விற்கும் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ரசத்திலும் மிளகுப் பாலிலும் இருக்கும் அளவு போதும்.

கீரையும்கூட அளவு மீறினால் மருந்தாக இருக்காது. மல்டி வைட்டமின் கீரை என்று நர்சரிகளில் ஒரு செடி கிடைக்கிறது. சிலர் தவசிக் கீரை என்பார்கள். வேகவைத்துப் பொரியலாகப் பல நாடுகளில் சாப்பிடுகிறார்கள். 1990களின் நடுவில் தைவானில், உடல் எடை குறையும் என்று அதன் பச்சைச் சாற்றைத் தினமும் குடித்த பலருக்கு நுரையீரலின் நுண்குழல்கள் அடைபட்டுப் போயின. சிலர் இறந்தார்கள். மிக்ஸியில் அடித்து வெறும் வயிற்றில் குடம் குடமாகக் குடிக்கச் சொல்லும் காணொளிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தைவான் நினைவுதான் வருகிறது.

நம் வீட்டுப் பெண்களுக்காக இன்னொன்று. டீயிலும் காபியிலும் உள்ள பாலிஃபீனால்கள் நல்ல ஆன்டி-ஆக்சிடன்ட்கள்தான். ஆனால் சாப்பாட்டோடு சேர்ந்து உள்ளே போனால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்த சோகை இருப்பதாகத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்லும்போது, இட்லியோடு டீ என்ற பழக்கத்தைக் கொஞ்சம் தள்ளிவைப்பது நல்லது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கீரைமேல் அரை மூடி எலுமிச்சை பிழிந்துகொண்டால், அதன் வைட்டமின் சி இரும்பைச் சேர்த்துக்கொள்ளக் கைகொடுக்கும்.

கீரையை மணிக்கணக்கில் ஆய்கிறவர் யார், கடைசியில் சட்டியில் ஒட்டியதை வழித்துச் சோற்றோடு பிசைந்து சாப்பிடுகிறவர் யார்? ஒரு பப்பாளியை வெட்டினால் பிள்ளைகளுக்கு, கணவருக்கு, மாமனாருக்கு, மாமியாருக்கு என்று போன பிறகு வெட்டியவருக்குத் தோலோடு ஒட்டிய துண்டு. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் நாளுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் வேண்டும் என்கிறது. அந்த ஒவ்வொருவரில் அம்மாவும் அடக்கம். இதைப் படிக்கும் ஆண்களே, பிள்ளைகளே, இன்று வீட்டில் பழம் வெட்டும்போது முதல் தட்டை அவருக்குக் கொடுங்கள். அவர் வேண்டாம் என்பார். கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடும்வரை பக்கத்தில் உட்காருங்கள்.

அடுத்த இதழிலிருந்து கீரைக்கென்று இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். சுக்காங்கீரை, பண்ணைக் கீரை, மணத்தக்காளி, முடக்கத்தான், குப்பைக் கீரை என்று உங்கள் ஊரில் கிடைப்பது எதுவாக இருந்தாலும், அதை என்ன பெயர் சொல்லி அழைக்கிறீர்கள், எந்த மாதத்தில் வரும், உங்கள் வீட்டில் எப்படிச் சமைப்பார்கள் என்று எழுதி அனுப்புங்கள். அளவை டம்ளர், கைப்பிடி, ஆழாக்கு என்று எதில் எழுதினாலும் சரி. வயதான அத்தை, பாட்டி யாராவது செய்கிற முறையானால் அவர்களையே சொல்லச் சொல்லி, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இம்மாதம் 20ஆம் தேதிக்குள் வந்து சேர்ந்தால் எங்கள் அலுவலகத்திலேயே சமைத்துப் பார்த்து வெளியிட வசதியாக இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்